அரசாங்கப் பணம் நின்ற பின்பும் நின்று பிடித்தவர்கள்: கனேடியப் பூர்வகுடி வானொலிகள் சொல்லும் கணக்கு

அரசாங்கம் கொடுக்கும் உதவிப் பணத்தைப் பற்றி நமது வர்த்தகர்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. அது கிடைத்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பது ஒன்று. அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கக்கூடாது, படிவம் நிரப்பியே ஆயுள் முடிந்துவிடும் என்பது மற்றது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, கொஞ்சம் பிழையும் இருக்கிறது.

இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள நீண்டகால அனுபவம் உள்ள ஓர் உதாரணம் தேவை. கனடாவின் பூர்வகுடி மக்களுக்கு அந்நாட்டு மத்திய அரசாங்கம் வானொலி, தொலைக்காட்சி நடத்தவும், இளைஞர் யுவதிகளுக்குத் தொழில் கொடுக்கவும் 40 வருடங்களுக்கும் மேலாகப் பணம் வழங்கி வந்திருக்கிறது. சிறிய சமூகம், சிதறிய கிராமங்கள், சொந்த மொழி, விளம்பரம் தரக்கூடிய கடைகள் மிகக் குறைவு. வியாபாரக் கண்ணால் பார்த்தால் இதைவிடக் கஷ்டமான சந்தை கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் எந்தப் பணம் நிலைத்தது, எது கரைந்தது என்று பார்ப்பது நமக்கும் பிரயோசனமாக இருக்கும்.

யார் இந்த மக்கள்?

கனடாவின் 1982ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் மூன்று பிரிவினரைப் பூர்வகுடிகளாக ஏற்றுக்கொள்கிறது. அந்தச் சட்டத்தில் 'இந்தியர்' என்று குறிப்பிடப்பட்டு இன்று பஸ்ட் நேஷன்ஸ் என்று அழைக்கப்படுவோர், வட துருவத்தை அண்டி வாழும் இனுயிட் மக்கள், ஐரோப்பியரும் பூர்வகுடிகளும் கலந்து உருவான மேட்டி மக்கள் ஆகியோரே அவர்கள். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இவர்கள் சுமார் 18 இலட்சம் பேர். நாட்டின் சனத்தொகையில் ஏறக்குறைய 5 வீதம்.

இன்னொரு எண்ணிக்கையும் முக்கியமானது. பூர்வகுடிகளின் சராசரி வயது 33.6. ஏனைய கனேடியரின் சராசரி வயது 41.8. அதாவது முதுமை அடைந்துவரும் ஒரு நாட்டில் இவர்கள் இளைய சமூகம். தொழில் தேடும் வயதில் உள்ளவர்கள் அதிகம். ஆனால் அவர்களில் பலர் வாழும் கிராமங்களுக்குப் பாதை கூடக் கிடையாது. விமானத்திலோ, குளிர்காலத்தில் உறைந்த பனிக்கு மேலாலோதான் போக வேண்டும். அங்கே தொழிற்சாலை எழும்பப் போவதில்லை. எனவே வானொலி நிலையம் என்பது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்குச் சாதனம் மட்டுமல்ல, ஊருக்குள்ளேயே சம்பளம் தரக்கூடிய மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று. ஒலிபரப்பையும் இளைஞர் தொழில்வாய்ப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய காரணம் இதுதான்.

செய்மதியோடு வந்த பயம்

1972 நவம்பரில் கனடா 'அனிக் ஏ1' என்ற செய்மதியை ஏவியது. அதன் மூலம் தென்பகுதி நகரங்களின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் வடபகுதிக் கிராமங்களுக்குப் போய்ச் சேரத் தொடங்கின. வந்தது எல்லாம் ஆங்கிலமும் பிரெஞ்சும். வீட்டுக்குள் பிள்ளைகள் தாய்மொழியை விட்டு ஆங்கிலத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள் என்ற பயம் பெரியவர்களுக்கு வந்தது. இக்லூலிக் என்ற இனுயிட் கிராமம் 1975இலும் 1979இலும் வாக்கெடுப்பு நடத்தித் தொலைக்காட்சியே வேண்டாம் என்று மறுத்துவிட்டது. தங்கள் மொழியில் நிகழ்ச்சி வரும் என்ற நிலை ஏற்பட்ட பிறகுதான் 1980களின் ஆரம்பத்தில் அந்த ஊர் சம்மதித்தது.

தொலைக்காட்சியை எதிர்த்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1981இல் இனுயிட் ஒளிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற சொந்த நிறுவனத்தை அமைத்தார்கள். இதற்கு முன்பே, 1974இல், ஒன்டாரியோ மாகாணத்தின் வடபகுதியில் 'வாவாட்டே' என்ற தொடர்பாடல் சங்கம் உருவாகி, காட்டுக்குள் வேட்டைக்குப் போவோருக்கான சிறு வானொலிக் கருவிகளில் தொடங்கி, பத்திரிகை, வானொலி என்று வளர்ந்திருந்தது.

இந்த முயற்சிகளைப் பார்த்த மத்திய அரசாங்கம் 1983 மார்ச் மாதத்தில் வடபகுதி ஒலிபரப்புக் கொள்கையை அறிவித்தது. அதனோடு வந்ததுதான் வடபகுதிப் பூர்வகுடி ஒலிபரப்புத் திட்டம். நான்கு வருடங்களுக்கு 40.3 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. வடபகுதியில் இயங்கிய 13 பூர்வகுடித் தொடர்பாடல் சங்கங்கள் அதைப் பெற்றன. சமமாகப் பிரித்ததாக வைத்துக்கொண்டால் ஒரு சங்கத்துக்கு வருடத்துக்கு ஏழே முக்கால் இலட்சம் டொலர் வருகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பரப்பில் சிதறிக் கிடக்கும் கிராமங்களுக்குப் பல மொழிகளில் நிகழ்ச்சி தயாரிக்க இது பெரிய தொகை அல்ல. ஆனாலும் முதன்முறையாகச் சம்பளப் பட்டியல் ஒன்றை ஒழுங்காக எழுத முடிந்தது.

பண்டம் உண்டு, கடை இல்லை

இந்த 1983ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. நிகழ்ச்சி தயாரிக்கப் பணம் கொடுத்தார்கள். அதை வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிக்குப் போதிய ஏற்பாடு செய்யவில்லை. இனுயிட் ஒளிபரப்புக் கூட்டுத்தாபனம் தனது நிகழ்ச்சிகளை சீ.பீ.சீ. எனப்படும் அரச கூட்டுத்தாபனத்தின் அலைவரிசையில் இரவல் நேரத்தில் போட வேண்டியிருந்தது. கிடைத்த நேரமோ பெரும்பாலும் ஊர் தூங்கும் நடு இரவு.

வியாபாரிகளுக்கு இது புரியும். பட்டறைக்குப் பணம் இருக்கிறது, பண்டம் தயாராகிறது, ஆனால் கடைத்தெருவில் இடம் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் தனது கதவைப் பூட்டிய பிறகு அவர் வாசலில் வைத்து விற்கச் சொல்கிறார். எவ்வளவு நல்ல பண்டமாக இருந்தாலும் வியாபாரம் நடக்காது.

இந்த ஓட்டையை அடைக்க மேலும் ஒன்பது வருடங்கள் எடுத்தன. 1988இல் வடபகுதிக்கென்று தனியான செய்மதி வழி ஒன்றுக்கு அரசாங்கம் 10 மில்லியன் டொலர் தருவதாக அறிவித்தது. சங்கங்கள் ஒன்று சேர்ந்து 'டெலிவிஷன் நோர்தர்ன் கனடா' என்ற கூட்டு அலைவரிசையை அமைத்தன. 1992 ஜனவரியில் அது ஒளிபரப்பைத் தொடங்கியது. ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே செய்ய முடியாததைச் சேர்ந்து செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மானியம் வேறு, பங்களிப்பு வேறு

கனேடிய அரசாங்கம் இவ்வாறான நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பணம் கடன் அல்ல. திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, வட்டியும் இல்லை. இந்த அளவில் நமது வர்த்தகர்களுக்கு மனநிம்மதி தரக்கூடிய ஏற்பாடுதான். ஆனால் அதிலே இரண்டு வகை உண்டு.

முதலாவது மானியம். தகுதி இருக்கிறது என்று தீர்மானித்தால் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். பிறகு நிபந்தனை குறைவு. இரண்டாவது பங்களிப்பு. இதற்கு ஒப்பந்தம் எழுத வேண்டும். எந்தச் செலவுக்கு என்று ஒப்பந்தத்தில் உள்ளதோ அதற்கு மாத்திரமே செலவழிக்கலாம். ரசீதுகளைக் காட்ட வேண்டும், முன்னேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும், கணக்காய்வாளர் வந்து பார்க்கலாம். மீதிப் பணம் இருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும், பிழையாகச் செலவழித்தால் அதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒலிபரப்புக்கும் இளைஞர் தொழிலுக்கும் வரும் பணத்தில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒரே செலவுக்கு இரண்டு மூன்று அரசாங்க இடங்களில் பணம் வாங்கினால் எல்லாம் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. ஓர் இளைஞனின் சம்பளத்தை ஒரு திணைக்களத்தில் பாதி, இன்னொரு திணைக்களத்தில் பாதி, மாகாண அரசாங்கத்தில் இன்னும் கொஞ்சம் என்று வாங்கி இலாபம் பார்க்க முடியாது.

படிவம் பற்றிய பயமும் ஆதாரமில்லாதது அல்ல. 2002 டிசம்பரில் கனடாவின் கணக்காய்வாளர் நாயகம் வெளியிட்ட அறிக்கை, பஸ்ட் நேஷன்ஸ் சமூகம் ஒன்று நான்கு மத்திய நிறுவனங்களுக்கு மட்டும் வருடத்துக்குக் குறைந்தது 168 அறிக்கைகள் கொடுக்க வேண்டியிருப்பதாகக் கணக்கிட்டது. அச்சமூகங்களில் பலவற்றின் சனத்தொகை 500க்கும் குறைவு. வாரத்துக்கு மூன்றுக்கு மேல் அறிக்கை எழுதினால் வேலை செய்வது எப்போது? 

அடுத்தது காசோட்டம். கனேடிய அரசாங்கத்தின் நிதி வருடம் ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகி முதல் தவணை வருவதற்குப் பல மாதங்கள் தாமதமானால், அதுவரை சம்பளத்தை யார் கொடுப்பது? கையில் சேமிப்பு இல்லாத நிறுவனம் வங்கியில் மேலதிகப் பற்று எடுக்கத்தான் நேரிடும். இலவசமாக வரும் பணத்துக்காக வட்டி கட்டும் நிலைமை இப்படித்தான் உருவாகிறது. கொடுக்கப்படும் தொகையை மட்டும் பார்க்காமல் அது கைக்கு வரும் திகதியையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

1990: ஒரே பட்ஜெட்டில் வந்த அடி

வடபகுதி ஒலிபரப்புத் திட்டத்துக்கு முன்பே, 1974 முதல், பூர்வகுடிப் பத்திரிகைகளுக்கும் தொடர்பாடல் சங்கங்களுக்கும் உதவ இன்னொரு திட்டம் இருந்தது. 1990 பெப்ரவரியில் வெளியான மத்திய அரசாங்கப் பட்ஜெட் அதை முற்றாக நிறுத்தியது. ஒலிபரப்புத் திட்டத்தின் பணமும் 16 வீதம் வெட்டப்பட்டது. முன்னறிவித்தல், படிப்படியாகக் குறைத்தல் என்று ஒன்றும் இல்லை.

அரசாங்கப் பணத்தை மாத்திரம் நம்பியிருந்த பல பத்திரிகைகள் தொடர்ந்து மூடப்பட்டன. தரம் குறைவு என்பதனாலோ வாசகர்கள் இல்லை என்பதனாலோ அவை மூடப்படவில்லை. அச்சகக் கூலிக்கும் சம்பளத்துக்கும் வேறு வருமானம் இருக்கவில்லை.

அதே அடியைத் தாங்கி நின்ற ஒன்றும் இருக்கிறது. அல்பேர்ட்டா மாகாணத்தில் பேர்ட் குரோபுட் என்பவர் 1983இல் ஆரம்பித்த பத்திரிகை 'வின்ட்ஸ்பீக்கர்'. விளம்பரமும் சந்தாவும் சேர்க்கும் வேலையை அது ஏற்கனவே ஒழுங்காகச் செய்து வந்தது. பணம் நின்றபோது அது சுருங்கவில்லை. 1993இல் மாகாணப் பத்திரிகை என்ற நிலையை விட்டு நாடு முழுவதற்குமான பத்திரிகையாக மாறியது. சந்தை சிறியது என்றால் பரப்பைக் கூட்டுவது என்ற வியாபார முடிவு அது. அதே நிறுவனம் வானொலியும் நடத்துகிறது.

வருமானம் தேடிய வேறு பல பூர்வகுடி வானொலிகள் இன்னொரு வழியையும் கண்டுபிடித்தன. வானொலியில் 'பிங்கோ' நடத்துவது. நேயர்கள் அட்டை வாங்கி, அறிவிப்பாளர் வாசிக்கும் இலக்கங்களை அடித்துப் பரிசு பெறுவார்கள். பல நிலையங்களுக்கு இது நல்ல வருமானம். அந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பத்திரத்துடன் இதற்கு இடம் கொடுக்கிறது. நமது மார்க்கத்தின்படி இது சூதாட்டம் என்பதால் நமக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விடயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு சமூகம் தனது வானொலிக்கும் பத்திரிகைக்கும் ஹலாலான வருமான வழியை ஏற்படுத்திக் கொடுக்காவிட்டால், அதை நடத்துபவர்கள் கிடைத்த வழியில் போகும் நெருக்கடிக்குத் தள்ளப்படுவார்கள்.

15 சதத்தின் பலம்

இனி இந்தக் கதையிலேயே மிகச் சிறந்த வியாபார யோசனைக்கு வருவோம். 1999 பெப்ரவரியில் கனேடிய ஒலிபரப்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஒரு தீர்மானம் எடுத்தது. 'டெலிவிஷன் நோர்தர்ன் கனடா' நாடளாவிய அலைவரிசையாக மாறலாம். நாட்டில் உள்ள கேபிள், செய்மதித் தொலைக்காட்சி நிறுவனங்கள் அதைத் தமது அடிப்படைச் சேவையில் கட்டாயம் சேர்க்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு சந்தாதாரருக்கும் மாதம் 15 சதம் வீதம் அந்த அலைவரிசைக்குச் செலுத்த வேண்டும். 1999 செப்டெம்பர் 1ஆம் திகதி ஏ.பீ.டீ.என். எனப்படும் பூர்வகுடி மக்கள் தொலைக்காட்சி வலையமைப்பு வின்னிபெக் நகரைத் தலைமையகமாகக் கொண்டு ஆரம்பமானது.

15 சதத்துக்குக் கனடாவில் ஒரு மிட்டாய் கூட வாங்க முடியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு வருடம் 1 டொலர் 80 சதம். 10 இலட்சம் வீடுகள் என்றால் 18 இலட்சம் டொலர். கனடாவில் சந்தா கட்டிய வீடுகள் அதைப்போலப் பல மடங்கு. மாதா மாதம் வரும், பட்ஜெட்டில் எந்த அமைச்சரும் ஒரே இரவில் வெட்ட முடியாத வருமானம். இந்தக் கட்டணம் 2005இல் 25 சதமாகவும், 2013இல் 31 சதமாகவும், 2018இல் 35 சதமாகவும் உயர்த்தப்பட்டது. இதற்கு மேலாக விளம்பர வருமானமும் உண்டு.

இங்கே அரசாங்கம் செய்த உதவி பணம் கொடுத்தது அல்ல, கடைத்தெருவில் இடம் எடுத்துக் கொடுத்தது. முன்பு நடு இரவில் அடுத்தவர் வாசலில் விற்றவர்கள் இப்போது எல்லா வீட்டுப் பெட்டியிலும் ஓர் இலக்கத்தைப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த இடத்தைக் கேட்டு வாங்குவதற்கு, ஒளிபரப்பை நடத்திக் காட்டிய அனுபவமும் பயிற்சி பெற்ற ஆட்களும் அவர்களிடம் ஏற்கனவே இருந்தன. அதை உருவாக்கியது 1983இல் வந்த பணம்.

எந்த வருமானமும் நிரந்தரம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மக்கள் கேபிள் இணைப்பை வெட்டிவிட்டு இணையத்தில் படம் பார்க்கத் தொடங்கியபோது சந்தாதாரர் தொகை குறைந்தது. தொகை குறைந்தால் 35 சதமும் குறையும். இதனால்தான் 2023இல் கனடா புதிய சட்டம் ஒன்றை இயற்றி, இணைய வழிப் படச்சேவை நிறுவனங்களையும் ஒலிபரப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2024 ஜூனில் ஆணைக்குழு, பெரிய இணையச் சேவைகள் தமது கனேடிய வருமானத்தில் 5 வீதத்தைச் செலுத்த வேண்டும் என்றும், அதில் ஒரு பங்கு பூர்வகுடி நிகழ்ச்சிகளுக்குப் போக வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன.

இளைஞர் தொழில்: பணம் யார் கையில்?

இளைஞர் தொழில்வாய்ப்புக்கான திட்டங்கள் தனியாக வருகின்றன. 1997இல் கனடா தேசிய இளைஞர் தொழில்வாய்ப்பு உபாயத்தை ஆரம்பித்தது. 2019இல் அது பெயரும் அமைப்பும் மாறித் தொடர்ந்தது. அதற்குள் பஸ்ட் நேஷன்ஸ், இனுயிட் இளைஞர்களுக்கென்று ஒரு தனிப்பிரிவு உண்டு. 15 முதல் 30 வயது வரையானவர்களுக்குக் கோடை விடுமுறை வேலையும், படிப்பை விட்டவர்களுக்குத் தொழில் அனுபவமும் கிடைக்கச் செய்வது அதன் நோக்கம்.

பெரியவர்களையும் சேர்த்த பயிற்சித் திட்டம் இன்னொன்று. 1999இல் அது பூர்வகுடி மனிதவள அபிவிருத்தி உபாயம் என்ற பெயரில் ஐந்து வருடங்களுக்கு 1.6 பில்லியன் டொலருடன் தொடங்கியது. 2010இலும், பின்னர் 2019இலும் பெயர் மாறிப் புதுப்பிக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டுப் பட்ஜெட்டில் ஐந்து வருடங்களுக்கு 2 பில்லியன் டொலர் அறிவிக்கப்பட்டது.

தொகையை விட முக்கியமானது முறை. இந்தப் பணத்தை ஒட்டாவாவில் உள்ள அதிகாரி நேரடியாக இளைஞனுக்குக் கொடுப்பதில்லை. பூர்வகுடிகளின் சொந்த அமைப்புகளுடன் ஒப்பந்தம் செய்து அவற்றிடம் ஒப்படைக்கிறார்கள். 1999இல் இவ்வாறான அமைப்புகள் சுமார் 80 இருந்தன. 2019க்குப் பின் 100ஐத் தாண்டின. எந்த ஊரில் தச்சுத் தொழில் தேவை, எங்கே தாதியர் தேவை, எங்கே வானொலித் தொழில்நுட்பவியலாளர் தேவை என்று தீர்மானிப்பது அந்த அமைப்புகள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஸக்காத் குழுக்களும் இதைக் கவனிக்கலாம். ஊரை அறிந்தவர் கையில் பணம் இருந்தால் ஆளை அறிந்து கொடுக்க முடிகிறது.

அரைச் சம்பளத்தின் முழுக் கணக்கு

கனடாவில் சிறு வியாபாரிகள் நேரடியாகப் பயன்படுத்தும் திட்டம் 'கனடா கோடைத் தொழில்' திட்டம். இது பூர்வகுடிகளுக்கு மட்டும் உரியதல்ல. 50 பேர் அல்லது அதற்குக் குறைவான முழுநேர ஊழியர்களைக் கொண்ட தனியார் நிறுவனம் 15 முதல் 30 வயது வரையான ஒருவரை வேலைக்கு எடுத்தால், வழக்கமாக அந்த மாகாணத்தின் குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதி வரை அரசாங்கம் தரும். இலாப நோக்கற்ற அமைப்பு என்றால் முழுவதும் தரும்.

உதாரணத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 16 டொலர் என்று வைப்போம். வாரம் 35 மணித்தியாலம், 8 வாரம். மொத்தச் சம்பளம் 4,480 டொலர். அரசாங்கம் தருவது 2,240 டொலர். மீதிப் பாதி முதலாளியின் பொறுப்பு. அதோடு முதலாளி கட்ட வேண்டிய ஓய்வூதிய, காப்புறுதிப் பங்குகளும் உண்டு. இது நமது நாட்டில் ஊழியர் சேமலாப நிதி கட்டுவது போன்றது. குறைந்தபட்சத்தை விடக் கூடச் சம்பளம் கொடுத்தால் அந்த மேலதிகமும் அவருடையதே. அனுமதி கிடைக்கு முன் ஆளை எடுத்தால் அந்த நாட்களுக்குப் பணம் இல்லை. வேலை முடிந்து சம்பளப் பதிவுகளைக் காட்டிய பிறகே கணக்கு முடிக்கப்படும்.

இப்போது முடிவு எடுக்க வேண்டும். அந்த எட்டு வாரத்தில் அந்த இளைஞன் கடைக்கு 2,240 டொலருக்கு மேல் பெறுமதியான வேலை செய்வானா? ஆம் என்றால் திட்டம் நல்லது. இல்லை என்றால் அரைச் சம்பளம் என்பது அரை நட்டம்தான். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்பதற்காகத் தேவையில்லாத சரக்கை வாங்கிப் போடுவது போன்றது அது.

அவுஸ்திரேலியாவில் நடந்தது

வேறொரு பையில் இருந்து வரும் சம்பளத்தை நம்பி ஒரு துறையையே கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அவுஸ்திரேலியா சாட்சி. அங்கே 1987இல் தூரப் பிரதேசப் பூர்வகுடிக் கிராமங்களுக்குச் சிறு ஒலிபரப்புக் கருவிகளைப் பொருத்தும் திட்டம் வந்தது. கருவி வந்தது. அதை இயக்கும் ஆளுக்குச் சம்பளம் வரவில்லை. 1977 முதல் நடைமுறையில் இருந்த சமூக அபிவிருத்தித் தொழில் திட்டத்தில், வேலையற்றோர் கொடுப்பனவுக்குப் பதிலாக ஊர் வேலை செய்து சிறு சம்பளம் பெறும் வழி இருந்தது. பல கிராமங்களில் வானொலியை இயக்கியவர்கள் அந்தச் சம்பளத்தில்தான் வேலை செய்தார்கள்.

2007க்குப் பின் அரசாங்கம் அத்திட்டத்தைச் சுருக்கத் தொடங்கியது. 2013 ஜூலையில் வேறு திட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. ஒரு பகுதி வேலைகளை அரசாங்கம் முறையான சம்பளப் பதவிகளாக மாற்றிக் கொடுத்தது. மாற்றப்படாத இடங்களில் கருவி இருந்தது, ஆள் இல்லை. இயந்திரம் வாங்க உதவி தேடும் ஒவ்வொருவரும் அதை ஓட்டுபவரின் சம்பளம் எங்கிருந்து வரும் என்று முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி வீண்போகவில்லை

மீண்டும் கனடாவுக்கு வருவோம். தொலைக்காட்சியை மறுத்த இக்லூலிக் கிராமத்தைச் சேர்ந்த ஸக்கரியாஸ் குனுக் என்பவர் கல்லில் சிற்பம் செதுக்குபவர். 1981இல் தனது சிற்பங்களை விற்று ஒரு வீடியோ கமெரா வாங்கினார். பிறகு இனுயிட் ஒளிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் வேலை செய்து தொழிலைக் கற்றார். 1990இல் நண்பர்களுடன் 'இசுமா' என்ற சொந்த நிறுவனத்தை ஆரம்பித்தார். முழுவதும் இனுயிட் மொழியில் அவர்கள் எடுத்த 'அதனர்ஜுவாட்' திரைப்படம் 2001இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த முதற்படத்துக்கான 'கமெரா டோர்' விருதைப் பெற்றது.

கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. 2011இல் அந்த நிறுவனம் கடன் சுமையால் பெறுநர் ஒருவரின் கைக்குப் போனது. விருது வேறு, வரவு செலவு வேறு. ஆனால் கற்ற தொழிலைக் கடன்காரர் ஏலம் போட முடியாது. அதே வட்டத்தைச் சேர்ந்தவர்கள் தொடர்ந்து இயங்கி, 2021 ஜனவரியில் இனுயிட் மொழியில் 24 மணித்தியாலமும் இயங்கும் 'உவகுட்' தொலைக்காட்சியைத் தொடங்கினார்கள். அரசாங்கப் பணத்தில் வாங்கிய கருவிகள் பழுதாகிப் போயிருக்கும். அதே பணத்தில் பழகிய கைகள் நாற்பது வருடம் நின்றிருக்கின்றன.

நமது வர்த்தகர்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை

முதலாவது, உதவிப் பணம் முடியும் திகதியை ஒப்பந்தத்தில் பார்த்து, அதற்கு மறுநாள் சம்பளம் எங்கிருந்து வரும் என்று இன்றே எழுதுங்கள். 1990இல் மூடப்பட்டவர்களுக்கும் நிலைத்தவர்களுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் இது மட்டும்தான்.

இரண்டாவது, தயாரிக்கக் கிடைக்கும் பணத்தோடு திருப்திப்படாமல் விற்கும் இடத்தையும் கேளுங்கள். சில வேளைகளில் பணத்தை விடச் சந்தையில் ஓர் உறுதியான இடம் பெரிய உதவி.

மூன்றாவது, அறிக்கை எழுதுவதும் கணக்கு வைப்பதும் செலவுகள். அதற்கு ஓர் ஆளின் எத்தனை நாட்கள் போகும் என்று கணக்கிட்ட பிறகே விண்ணப்பியுங்கள். முதல் தவணை தாமதித்தால் மூன்று மாதச் செலவைத் தாங்கும் கையிருப்பு இல்லையென்றால், வட்டிக்குக் கை நீட்டும் நிலை வரும். அதை விட விண்ணப்பிக்காமல் இருப்பது மேல்.

நான்காவது, பணத்தில் ஒரு பங்கை ஆட்களைப் பழக்குவதற்கு ஒதுக்குங்கள். கடையில் நிற்கும் பையனுக்குக் கணக்கும் கணினியும் கற்றுக் கொடுப்பது உங்களுக்கு இலாபம் தராமல் போகலாம், அவன் நாளை தனிக்கடை போடலாம். சமூகத்துக்கு அது நட்டம் அல்ல.

ஐந்தாவது, சேர்ந்து கேளுங்கள். சங்கங்கள் தனித்தனியே போயிருந்தால் அந்த 15 சதம் கிடைத்திருக்காது.

கடைசியாக ஒரு வார்த்தை. இந்நாட்டிலும் முஸ்லிம் சேவை வானொலி நிகழ்ச்சிகளும், நமது சமூகப் பத்திரிகைகளும் பெரும்பாலும் வர்த்தகர்களின் அனுசரணையிலும் விளம்பரத்திலும்தான் நடக்கின்றன. நோன்பு காலத்தில் தாராளமாக வரும் விளம்பரம் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் வற்றிவிடுகிறது. வருடத்துக்கு ஒரு முறை பெரிய தொகை கொடுப்பதை விட, மாதா மாதம் ஒரு சிறு தொகையை ஒவ்வொரு கடையும் நிரந்தரமாக ஒதுக்கினால், நடத்துபவர்கள் சம்பளப் பட்டியலைப் பயமில்லாமல் எழுதலாம். நூறு கடைகள் உள்ள எந்தக் கடைத்தெருவிலும் இதை அடுத்த மாதமே ஆரம்பிக்கலாம்.